பதினெட்டு நிமிடங்கள்

ஆகஸ்ட் 23, சனி

நாகர்கோவில் அணியிடம் 58–63. பருவத்தின் முதல் ஆட்டமே தோல்வி.

கல்லூரியை விட்டு வெளியே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இன்னும் பாளையங்கோட்டையின் அந்தச் சிமெண்டுக் கூடைப்பந்துக் கோர்ட்டில் நீலச் சட்டை தோற்றால் எனக்குத் 'தோற்றார்கள்' என்று எழுத வருவதில்லை. தோற்றோம்.

வழக்கமான இடம், மூன்றாவது படி. இடது பக்கம் ரெஜினா. எனக்குப் பத்து வருடம் பின்னால் இதே அணியில் ஆடியவள், இப்போது பள்ளி ஆசிரியை. வலது பக்கம் ஞானமுத்து அண்ணாச்சி. முப்பது வருடம் நடுவராக விசில் ஊதி ஓய்ந்தவர். நடுவில் நோட்டுடன் நான். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் பகலெல்லாம் நெல் விளைச்சலை எண்ணுகிறவள் சாயங்காலம் கூடையில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டை எண்ணுகிறாள் என்று வீட்டில் இவர் கேலி செய்வார்.

இந்த வருடம் நம்மிடம் ஒரு பெண் இருக்கிறாள். இசக்கியம்மாள், ஒன்பதாம் எண், மூன்றாம் ஆண்டு, ஆலங்குளம் பக்கத்துக் கிராமம். பந்து அவள் கைக்கு வந்ததும் எதிரணிப் பெண்கள் தங்களையறியாமல் ஓர் அடி பின்னால் போகிறார்கள். அப்படிப்பட்டவளை எஸ்தர் நாற்பது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம்தான் ஆடவிட்டாள். நாலைந்து நிமிடம் ஆடியதும் கையைக் காட்டிக் கூப்பிடுவாள். இசக்கியும் போய் பெஞ்சில் உட்காருவாள்.

எஸ்தர் பொன்மணி எங்கள் பயிற்சியாளர். என்னோடு ஆடியவள். ஒரே வருடம், ஒரே இடம். இருவரும் பாயிண்ட் கார்டு, பந்தை நடத்திக் கொண்டுபோகிறவள்; களத்தில் ஒருத்திக்குத்தான் இடம். பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தின் கடைசி எட்டு நிமிடம் அவள் ஆடினாள், நான் பெஞ்சில் இருந்தேன். ஜெயித்தோம். அதெல்லாம் பழைய கதை, இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

பழைய மாணவியர் வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆட்டத்தின் அலசலைப் போட்டேன். இசக்கி களத்தில் இருந்த பதினெட்டு நிமிடத்தில் நாம் எதிரணியை விட 11 புள்ளி கூடுதல். அவள் பெஞ்சில் இருந்த இருபத்திரண்டு நிமிடத்தில் 16 புள்ளி குறைவு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று முடித்தேன்.

நாற்பத்தோரு பேர் பதில் போட்டார்கள். துபாயிலிருந்து ஒருத்தி, 'காந்திமதி அக்கா மாதிரி ஆட்டத்தப் பாக்க ஆளே கிடையாது' என்று எழுதியிருந்தாள்.

சமையல் எரிவாயு தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

61–57. ஜெயித்தோம், ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. எதிரணி சுமாரான அணி. இசக்கி ஆடியது பதினேழு நிமிடம். அவள் இருந்தபோது 15 கூடுதல், இல்லாதபோது 11 குறைவு.

ரெஜினா கடைசிப் பத்து நிமிடக் குவாட்டரில் எழுந்து நின்று, "மிஸ், ஒன்பதாம் நம்பர எறக்குங்க" என்று கத்தினாள். எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். ரெஜினாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

செப்டம்பர் 3, புதன்

கோபாலசமுத்திரத்தில் கார் பருவ நெல் அறுவடைப் பரிசோதனை. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு எழுத வேண்டும். வயல்காரர், "அந்த மூலையில நல்லா வெளஞ்சிருக்கு, அங்கன கட்டுங்கம்மா" என்று விடாமல் சொன்னார். இடத்தைத் தற்செயல் எண் அட்டவணைதான் தீர்மானிக்கும், நான் இல்லை என்றேன். வெயில். வரப்பில் செருப்பு அறுந்துவிட்டது.

திரும்பி வரும்போது பாளை பேருந்து நிலையத்தில் எஸ்தர். அவளாகவே வந்து பேசினாள்.

"காந்தி, நீ எழுதுனத வாசிச்சேன். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொறவு ஏன் அவள உக்கார வைக்க?"

"டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கோ. அதுவரைக்கும் அவளப் பத்தி மட்டும் எழுதாம இரு. வேற யாரப் பத்தினாலும் எழுது. என்னையப் பத்திக்கூட எழுது."

"டிசம்பர்ல என்ன இருக்கு?"

"சொல்ல முடியாதுட்டி. சொல்லக்கூடியதா இருந்தா உங்கிட்ட சொல்ல மாட்டனா?"

அவள் பேருந்து வந்துவிட்டது. ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக, "டிசம்பர் வரைக்கும்" என்றாள்.

இருபத்து நான்கு வருடத்துக்கும் மேலான பழக்கம். ஒரு பெண்ணைப் பந்தாட இறக்குவதில் என்னிடம் சொல்லக்கூடாத ரகசியம் என்ன இருக்க முடியும்? அவளுக்கு யாரும் கேள்வி கேட்கக்கூடாது. கல்லூரிக் காலத்திலும் அப்படித்தான்.

செப்டம்பர் 6, சனி

54–56. கடைசி நான்கு நிமிடம் இசக்கி பெஞ்சில். இரண்டு புள்ளியில் போயிற்று.

மாணவிகள் கூட்டமே "இசக்கி, இசக்கி" என்று குரல் கொடுத்தது. அவள் இடது கால் முட்டின் மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் படியில் ஒவ்வொன்றாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்கினாள். "நட பாருங்க அக்கா, மகாராணி கணக்கா" என்றாள் ரெஜினா. கோபத்தில் அப்படி நடக்கிறாள், யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும் என்றேன்.

ஞானமுத்து அண்ணாச்சி போகும்போது கேட்டார். "எஸ்தர் சும்மா செய்யுத ஆளு இல்லம்மா. அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லல."

செப்டம்பர் 9, செவ்வாய்

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதி முடித்தேன். மூன்று ஆட்டம், நூற்றிருபது நிமிடம். இசக்கி களத்தில் 53 நிமிடம்: 39 கூடுதல். வெளியே 67 நிமிடம்: 42 குறைவு. அட்டவணை போட்டு, வரைபடம் போட்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: 'இவள் நாற்பது நிமிடமும் ஆடினால் இந்த மாவட்டத்தில் இவளைத் தடுக்க ஆள் இல்லை. ஏன் ஆடவிடவில்லை என்று பயிற்சியாளரிடம் நேரில் கேட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. டிசம்பர் என்று அவள் சொன்னது காரணம் ஆகாது. ஆகவே அதை எழுதவில்லை.

இவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "எஸ்தர்ங்கிறதுனாலதான இவ்வளவு எழுதுத?" என்றார். எனக்கும் எஸ்தருக்கும் எந்த மனத்தாங்கலும் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சங்கத் தலைவி சுகிர்தா டீச்சர் பேசினார். என் அலசல் கல்லூரிச் செயலர் வரை போயிருக்கிறதாம். பழைய மாணவியர் சார்பில் ஒரு மனுவாகக் கொடுத்தால் நல்லது என்று அவரே சொன்னாராம். "உன் அட்டவணைய அப்படியே பின்னால சேத்துருவோம் காந்திமதி. முதல் கையெழுத்து நீ போடு, அதுதான் முறை."

போட்டேன். எனக்குப் பிறகு அறுபத்தேழு பேர். ஞானமுத்து அண்ணாச்சி மட்டும், "நான் பழைய மாணவி இல்லையேம்மா" என்று சிரித்தபடி நகர்ந்துவிட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

எஸ்தரை விடுவித்துவிட்டார்கள். தற்காலிகப் பணிதான், ஒரு கடிதம் போதுமானதாக இருந்திருக்கிறது. மதுரையிலிருந்து புதிதாக ஒருவர் வருகிறார், இளைஞர்.

ரெஜினா ஆட்டம் இல்லாத நாளிலும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். எஸ்தர் பந்துகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, எல்லாப் பெண்களிடமும் கைகொடுத்துவிட்டு, இசக்கியைத் தனியாகக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினாளாம். நான் போகவில்லை. அலுவலகத்தில் மாதாந்திர அறிக்கை இருந்தது.

அவளை நீக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. கணக்கைத்தான் எழுதினேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

எஸ்தர் மூன்று முறை அழைத்தாள். எடுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியும்.

செப்டம்பர் 20, சனி

72–55.

இசக்கி முப்பத்தெட்டு நிமிடம் ஆடினாள். முப்பத்தோரு புள்ளி. இரண்டாம் குவாட்டரில் வலது பக்கமாக ஓடி, இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, கையை மாற்றிப் போட்ட லே-அப்புக்கு எதிரணிப் பயிற்சியாளரே கைதட்டினார். ரெஜினா அழுதாள்.

முதல் குவாட்டரில் ஐந்து நிமிடம் ஆனதும் இசக்கி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷம். புதியவர், ஆடு ஆடு என்று கைகாட்டினார். அவள் ஒரு நொடி நின்றாள், பிறகு ஓடினாள்.

குழுவில் இன்று முழுக்க என் பெயர்தான். வாழ்த்தில் போன் சூடாகிவிட்டது. இவர் அல்வா வாங்கி வந்தார். சாப்பிட்டோம்.

செப்டம்பர் 27, சனி

66–60. தொடர்ந்து இரண்டாவது வெற்றி. இசக்கி நாற்பது நிமிடமும். இருபத்து நான்கு புள்ளி.

அலசல் போட உட்கார்ந்தேன். ஒன்று உறுத்துகிறது. போன ஆட்டத்தில் குவாட்டர் வாரியாக அவள் எடுத்தது 11, 9, 7, 4. இன்று 9, 8, 5, 2. கடைசிக் குவாட்டரில் ஒரு ரீபவுண்டுகூட இல்லை. எழும்பவே இல்லை என்று என் குறிப்பில் இருக்கிறது. அதற்கு முன் எழும்பியபோதும் வலது காலில் மட்டும் இறங்கினாள்.

களைப்பாக இருக்கும். திடீரென்று இவ்வளவு நேரம் ஆடினால் யாருக்கும் வரும். குவாட்டர் கணக்கை விட்டுவிட்டு மொத்தப் புள்ளியை மட்டும் போட்டேன். ஜெயித்த நாளில் எதற்கு.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. அலுவலகத்தில் பொரிகடலை. வீட்டுக்கு வந்து நாற்காலிகளைத் துடைத்தேன்.

அக்டோபர் 4, சனி

மூன்றாம் குவாட்டர், இன்னும் மூன்று நிமிடம். இருபத்தேழாவது நிமிடம் என்று நோட்டில் இருக்கிறது. இசக்கி பந்தோடு இடது பக்கம் திரும்பினாள். அவளை யாரும் தொடவில்லை. யாரும் அருகில்கூட இல்லை. விழுந்தாள்.

சத்தம் மூன்றாவது படி வரை கேட்டது. ரெஜினா பந்துச் சத்தம் என்கிறாள்.

அவள் கத்தவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். அந்தப் புதியவர் ஓடிப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது பின்வாசல் பக்கத்திலிருந்து எஸ்தர் ஓடி வந்தாள். அவள் ஆட்டத்துக்கு வந்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து பின்னால் நின்று பார்த்திருக்கிறாள் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எஸ்தரைப் பார்த்ததும்தான் இசக்கி அழுதாள். "மிஸ், மன்னிச்சிருங்க மிஸ்" என்றாள். எதற்கு மன்னிப்பு என்று ரெஜினா என்னைக் கேட்டாள்.

மீதி ஆட்டத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜினா வரவில்லை.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் இசக்கியின் அம்மா இருந்தாள். பேச்சித்தாய் என்று பெயர். விரல் நுனியெல்லாம் பீடி இலை வெட்டி வெட்டிக் காய்த்துப்போயிருந்தது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள்.

"நீங்கதான அக்கா எழுதுதது? இவா ஒண்ணுவிடாம எங்கிட்ட வாசிச்சுக் காட்டுவா. இந்தா பாரும்மா, என்னையப் பத்திப் போட்டிருக்காங்க, போட்டிருக்காங்கன்னு. எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனா கேக்கச் சந்தோசமா இருக்கும்."

அவளை உட்காரச் சொல்லி, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

அவளாகத்தான் சொன்னாள். போன பருவம் முடிந்து ஜனவரியில் ஊர் மைதானத்தில் ஆடும்போது இடது முட்டில் ஜவ்வு அறுந்திருக்கிறது. எஸ்தர்தான் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்ய வைத்திருக்கிறாள். டிசம்பர் வரை ஓர் ஆட்டத்தில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டிசம்பரில் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டா தேர்வு. ஆடாமலே இருந்தால் தேர்வுக்குக் கூப்பிட மாட்டார்கள். முட்டில் கத்தி வைத்தது வெளியே தெரிந்தாலும் கூப்பிட மாட்டார்கள். அதனால் பதினெட்டு நிமிடம் ஆடுவது, யாரிடமும் சொல்லாமல் இருப்பது. எஸ்தரும் இவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

உள்ளே போனேன். இசக்கி மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் குரலைக் கேட்டுத் திரும்பினாள். கிட்டத்தில் இவ்வளவு சின்ன முகம் என்று நான் நினைத்ததில்லை.

"புது சாருக்குத் தெரியாதாம்மா?" என்றேன். அந்த நேரத்திலும் பழி போட வேறு யாராவது கிடைப்பார்களா என்றுதான் தேடியிருக்கிறேன்.

"எஸ்தர் மிஸ் அவருட்ட சீட்டுல எழுதிக் குடுத்தாங்க அக்கா, பதினெட்டு நிமிசத்துக்கு மேல வேண்டாம்னு. அவரு எங்கிட்ட கேட்டாரு. இப்ப வலி இல்ல சார், டாக்டரே சரியாயிட்டுன்னுட்டாருன்னு சொன்னேன். மிஸ் வேண்டாம் வேண்டாம்னு போன்ல சொல்லிட்டே இருந்தாங்க, நான் கேக்கல."

"ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள். "நீங்க எழுதிருந்தியள்லா. நாப்பது நிமிசமும் ஆடுனா இந்த மாவட்டத்துல தடுக்க ஆளில்லன்னு. எனக்கு ஆடிப் பாக்கணும்போல இருந்திச்சு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. இவர் கேட்டார், சொன்னேன். எழுந்து போய் எனக்குச் சோறு போட்டார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்டோபர் 8, புதன்

பழைய ஆபரேஷன் விஷயம் தெரிந்து குழுவில் சண்டை. புதியவர்தான் காரணம் என்று பாதிப்பேர். எஸ்தர் மறைத்தது தப்பு என்று பாதிப்பேர். 'ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் என்ன மனுக் கொடுத்திருப்போமா' என்று சுகிர்தா டீச்சர் எழுதியிருக்கிறார். அதன் கீழே முப்பது கும்பிடு.

ஒரு வார்த்தை சொன்னாள். பேருந்து நிலையத்தில். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 12, ஞாயிறு

சமாதானபுரத்தில் எஸ்தர் வீடு. ஆலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கதவைத் திறந்து, "வா" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அன்னைக்கி மூணு தடவ போன் அடிச்சியே. என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"முட்டுக் கதையத்தான். வேலைய விட்டு எடுத்தாச்சு, இனிமே நான் பக்கத்துல இல்ல. நீ சொன்னா அந்தப் பிள்ள கேக்கும்னு நெனச்சேன். உன் எழுத்துன்னா அதுக்கு உசுரு."

"நீ என்னையத் திட்டப்போறன்னு நெனச்சேன்."

"திட்டவும் செஞ்சிருப்பேன்."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"எஸ்தர், நான் உம்மேல உள்ள கோவத்துல அதெல்லாம் எழுதல."

"இல்லங்கியா?" அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அந்த ஃபைனல்ல கடைசி எட்டு நிமிசம் நீ எம்மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருந்த. நாங்க ஜெயிச்சதும் எல்லாரும் ஓடி வந்தாளுவ. நீ வரல. இருபத்து நாலு வருசமா நான் அதப்பத்திக் கேட்டதில்ல. நீயும் சொன்னதில்ல. இந்த ஆகஸ்டுல அந்தப் படியில நோட்டோட உக்காந்திருந்தப்ப அதே மூஞ்சி."

நான் காலி டம்ளரை எடுத்து, திரும்பக் கீழே வைத்தேன்.

"எனக்கு வேல போனது போவட்டும்," என்றாள். "அந்தப் பிள்ளைக்கி ரெண்டாவது தடவ கத்தி வைக்கணும். டாக்டர் நடக்கலாம்னு மட்டுந்தான் சொல்லுதாரு."

வாசல் வரை வந்தாள். நான் செருப்புப் போடும்போது கதவைச் சாத்திவிட்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் சரியாக வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

இசக்கியிடம் போனில் கேட்டேன், நடந்ததைக் குழுவில் எழுதலாமா என்று. "எழுதுங்க அக்கா. இனிமே மறைச்சு என்ன" என்றாள்.

எழுதினேன். எஸ்தர் பொறுக்கச் சொன்னதை, அதை நான் மறைத்ததை. குவாட்டர் கணக்கில் அந்தப் பெண் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்தும் வெற்றி நாளில் எதற்கு என்று விட்டதை. எஸ்தர் மேல் எனக்குப் பழைய பொறாமை உண்டு என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் ஒன்றரை மணிநேரம் ஆனது. கடைசியில், எஸ்தரைத் திரும்ப அழைக்கும்படி செயலருக்கும் தனிக்கடிதம் எழுதியிருப்பதைச் சொன்னேன்.

பதில் போட்டவர்கள் நான்கு பேர். சுகிர்தா டீச்சர், 'இவ்வளவு தேவையில்லை' என்று எழுதினார். அதன் பிறகு யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டார்கள், எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

ரெஜினா போன் செய்தாள். "என்னையும் சேத்துல்லா அக்கா கேவலப்படுத்திட்டிய. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்." வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

செயலர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும்.

எஸ்தருக்குக் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். அண்ணாச்சி சொன்னார்.

நவம்பர் 15, சனி

திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் வருகிறேன் என்று இசக்கிக்குப் போன் செய்தேன்.

"வேண்டாம் அக்கா," என்றாள். "எஸ்தர் மிஸ் வாராங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். விடுப்பை ரத்து செய்தேன்.

இன்று கோர்ட்டில் ஆட்டம் இருந்தது. போகவில்லை. எத்தனைக்கு எத்தனை என்று தெரியாது.

டிசம்பர் 13, சனி

ரயில்வே தேர்வு இன்று. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்திருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்று முழுக்க வீட்டில் இருக்க முடியவில்லை. இன்று ஆலங்குளம் பேருந்தில் ஏறிவிட்டேன். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஓட்டுவீடு, ஒற்றை அறை. இசக்கி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே பேச்சித்தாய் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுளகைத் தள்ளி வைக்கப் போனாள் இசக்கி. இருக்கட்டும் என்றேன். பேச்சித்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்துவிட்டுத் திரும்ப இலைக்குப் போனாள்.

பொதுவாகப் பேசினோம். வாக்கர் இல்லாமல் பத்து அடி நடக்கிறாள். ஏப்ரலில் தேர்வெழுதி டிகிரியை முடித்துவிடுவாள். ரயில்வே தேர்வுக்கு அவளோடு போக இருந்த தென்காசிப் பெண் நேற்றே தேறிவிட்டாளாம். அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை, விரல்கள்தான் ஒரு பீடியைச் சரியாக மடிக்காமல் விட்டன. பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பேருந்தில் நினைத்து வந்த மாதிரி இல்லை. மன்னிச்சிரும்மா என்று அவ்வளவுதான் வந்தது.

அவள் சுற்றி முடித்த பீடியைச் சுளகில் வைத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளு."

"நான் நல்லா ஆடுனனா?"

நான் 53 நிமிடம், 39 கூடுதல் என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"கணக்கு இல்ல அக்கா. அது எனக்கு மனப்பாடம். அம்மா ஒரு ஆட்டங்கூடப் பாத்ததில்ல. அவளுக்குச் சொல்லுங்க. எப்படி ஆடுனேன்னு."

ஆறு ஆட்டம் பார்த்தேன், ஒவ்வொரு நிமிடமும் நோட்டில் இருக்கிறது. யோசித்ததில் இரண்டாவது ஆட்டத்தில் ஒன்று நினைவு வந்தது. அதை நான் எங்கும் எழுதவில்லை. அதில் அவளுக்குப் புள்ளி இல்லை.

"முதலாமாண்டுப் பிள்ள ஒண்ணு, கண்ணாடி போட்ட பிள்ள," என்றேன் பேச்சித்தாயிடம். "அன்னைக்கித்தான் முதல்முதலா எறங்குது. பயத்துல பந்து கைக்கு வந்தா யாருக்காவது தூக்கிக் குடுத்திட்டே இருந்துச்சு. இவா பந்த எடுத்துட்டு வாரா. முன்னால ஒருத்திதான். இவா நெனச்சா அப்படியே போய்ப் போட்டிருக்கலாம். எல்லாரும் போடுவான்னுதான் பாக்கோம். இவா கூடையப் பாக்கா, அந்த எதிரணிப் பிள்ளையும் கூடையப் பாத்து எழும்புது. இவா திரும்பிக்கூடப் பாக்காம, கைய மட்டும் பின்னால கொண்டுபோயி, அந்தக் கண்ணாடிப் பிள்ள கையில பந்த வச்சா. எறியல. வச்சா, ஒரு டம்ளர நீட்டுத மாதிரி. அந்தப் பிள்ளைக்கிப் பயப்படவே நேரமில்ல. போட்டுட்டு. விழுந்துட்டு. அது கண்ணாடியக் கழத்திட்டு இவளையே பாத்துட்டு நிக்கி. இவா ஒண்ணுமே நடக்காத மாதிரி தடுக்கதுக்குத் திரும்பி ஓடுதா."

இசக்கி குனிந்து பீடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது.

பேச்சித்தாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, கதை கேட்கிறவளைப் போல என்னைப் பார்த்தாள்.

"பொறவு?" என்றாள்.

"பொறவு," என்றேன், "எஸ்தர் கையக் காட்டி இவளக் கூப்பிட்டா. இவா போயி உக்காந்துட்டா."